கயிறு அவிழ்த்த நாயும் கருவாடு தின்ற சிறுத்தையும்

ஒரு காட்டில் ஒரு நாய் இருந்தது. காட்டில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அந்த நாயும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு மரக்கடையில் காவலுக்கு இருந்த நாய் அது. கடையை மூடியபோது கேட்டைப் பூட்டினார்கள், கரண்ட் இணைப்பை வெட்டினார்கள், பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள், நாயை மட்டும் மறந்துவிட்டார்கள். அது கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே நடந்து காட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஊரில் அதற்கு டைகர் என்று பெயர். அந்தக் காட்டில் புலியை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனால் புலிகள் சங்கம் இருந்தது. சங்கத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. எதற்கு வம்பு என்று நாய் தன் பெயரை வீரமுத்து என்று மாற்றிக்கொண்டது. பெயரில் வீரம் வந்ததே தவிர வேறு மாற்றம் ஒன்றும் இல்லை.

காட்டின் ஓரத்தில், ஆற்றங்கரையில், வேலாத்தா என்ற வெள்ளாடு தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. மூத்தது கரும்பி, இளையது செவலை. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் வேலாத்தா நாயைக் காவலுக்கு அமர்த்திக்கொண்டது. காட்டு அலுவலகத்தின் சட்டப்படி காட்டுக்குள் வரும் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும். வேலாத்தாவும் வேலமரத்தில் முறையாகக் கட்டி வைத்தது.

சிறுத்தை ஒருநாள் முழுக்கப் புதருக்குள் படுத்து, கயிறு எதுவரைக்கும் எட்டுகிறது என்று பார்த்தது. மறுநாள் வந்து, கயிறு எட்டாத இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த கரும்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாய் குரைத்தது. அதன் குரைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. கயிறுதான் போதவில்லை.

வேலாத்தா பல நாள் புல்லில் வாய் வைக்கவில்லை. கரும்பி படுத்துத் தூங்கும் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு செவலை பசியில் கத்தியதும் மேயப் போனது. பெற்றவளுக்கு வேறு வழி ஏது? ஆனால் ஒரு முடிவு எடுத்துக்கொண்டது. இனி நாய் கயிற்றில் இருக்கக் கூடாது. கயிறு இல்லாமல், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், சொன்னதைக் கேட்க வேண்டும். இருக்கிற ஒரு குட்டியையாவது காப்பாற்றியாக வேண்டும்.

அதற்கும் காட்டு அலுவலகத்தில் வழி இருந்தது. கயிறில்லா நாய் அனுமதி என்று அதற்குப் பெயர். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து உரிமையாளர் குரல் கொடுக்க வேண்டும். மறுகோடியில் நாய் உட்கார வேண்டும், படுக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், கூப்பிட்டதும் வர வேண்டும். நான்கும் செய்தால் கரடி அதிகாரி முத்திரை குத்துவார். ஒன்று தவறினாலும் பழையபடி வேலமரம்தான்.

பழக்கித் தர ஒரு வாத்தியார் வேண்டுமே. மயில் வந்தது. ஊரில் நாய்களைப் பழக்கும் மைதானம் ஒன்றின் மதில்மேல் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மயில் அது. அந்தத் தகுதியில் தன்னை மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டது. இதைவிடக் குறைந்த தகுதியோடு மாஸ்டர் ஆனவர்கள் உண்டு என்பதால் காட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

"முதல்ல சின்னக் கயிறு," என்றது மயில். "அப்புறம் நீளக் கயிறு. அப்புறம் கயிறு தரையில சும்மா கிடக்கணும், நாம பிடிக்கக் கூடாது. கடைசியில கயிறே இல்லாம. கயிறு எப்பப் போச்சுன்னு நாய்க்கே தெரியக் கூடாது. சொன்னதைச் செஞ்சா உடனே வாய்க்கு ருசியா எதாவது குடுக்கணும். வர்றதுக்கு லேட்டானாலும் திட்டக் கூடாது. வந்ததுக்குத் திட்டு வாங்குனா அடுத்த தடவை வராது."

"என்ன குடுக்கிறதுங்க?" என்று கேட்டது வேலாத்தா.

"கருவாடு. அதுக்கு மயங்காத நாய் கிடையாது."

சந்தை கலைந்த பிறகு சிதறிக் கிடக்கும் கருவாட்டைக் கொண்டுவர ஒரு காக்கையை ஏற்பாடு செய்தார்கள். பிறந்ததிலிருந்து இலை தழையைத் தவிர வேறு எதையும் தொடாத வேலாத்தா, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவாட்டுப் பையைக் கொம்பில் மாட்டிக்கொண்டது. பிள்ளைக்காக என்றால் எந்த நாற்றமும் பழகிவிடும்.

பரிசோதனை நடக்கப்போகும் ஆற்றங்கரை மைதானத்திலேயே பாடம் தொடங்கியது. முதல் நாளே தகராறு.

"உட்கார்னு அதட்டிச் சொல்லுங்க," என்றது மயில்.

"வேலைக்கு வந்தவரை எப்படிங்க அதட்டுறது?" என்று கேட்ட வேலாத்தா, நாயைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் உக்காருங்க," என்றது. கயிறு இருந்ததால் நாய் உட்கார்ந்தது. கருவாடு கிடைத்தது. "படுங்க." படுத்தது. "இருங்க." இருந்தது. "வாங்க." வந்தது. மயிலுக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. நாய் பழக்குவதைப் பார்ப்பதைவிட முக்கியமான வேலை காட்டில் யாருக்கும் இல்லை. முயல்கள் வந்தன, காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது, உடும்பு வந்தது, கருவாடு கொண்டுவந்த காக்கை போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இங்கேதான் வேலாத்தா தன் வளர்ப்புக்கு ஏற்ற ஒரு தவறு செய்தது. ஒருவர் தின்பதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தின்றவருக்கு வயிறு வலிக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆடு அது. நாய்க்கு ஒரு துண்டு போட்ட கையோடு, நின்றவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு துணுக்கு கிள்ளிப் போட்டது.

"எதுக்கு இதெல்லாம்?" என்று மயில் முகம் சுளித்தது. தனக்கும் ஒரு துண்டு வந்ததும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மைதானத்தின் நடுவில் ஒரு புதர் இருந்தது. அதற்குள்ளிருந்தும் யாரோ பார்ப்பது வேலாத்தாவுக்குத் தெரிந்தது.

"யாருங்க அது?"

"நாந்தானுங்கக்கா. பக்கத்துல இருக்கிறவன்," என்றது புதர்.

"வெளிய வந்து பாக்கறதுதானுங்க?"

"பரவால்லீங்க. வெயில் ஆகாதுங்க."

பார்க்கிற வாய்க்குக் கொடுக்காமல் இருக்கலாமா? வேலாத்தா புதருக்குள்ளும் ஒரு துண்டு வீசியது. ஒரு பெரிய வாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் யார் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று யோசிக்கிற நிலையில் அது இல்லை. அதன் நினைப்பெல்லாம் நாய்மேல் இருந்தது.

நாட்கள் போயின. கயிறு நீண்டது. பிறகு கயிறு தரையில் கிடந்தது. அதுவரைக்கும் வீரமுத்து பாடத்தில் முதல் மாணவன். கயிற்றைக் கழற்றிய அன்று கதை மாறியது. கழுத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நாய் உடம்பை ஒரு உதறு உதறி, நேராக ஆற்றங்கரை நிழலுக்குப் போய், கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

"உக்காருங்க," என்றது வேலாத்தா மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து.

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. "கயிறு அவிழ்த்தாச்சே அக்கா. டூட்டி முடிஞ்சுது," என்றது.

"அப்படி இல்லீங்க. கயிறு இல்லாமயும் கேக்கோணும்."

"மரக்கடையில காலையில கட்டுவாங்க, சாயந்திரம் அவிழ்ப்பாங்க. கட்டுனா வேலை, அவிழ்த்தா ஓய்வு. ஓய்வு நேரத்துல உட்காரு, படுன்னு சொன்னா எந்த ஊர் நியாயம்?"

அதன் பக்கமும் நியாயம் இருந்தது. மயில் தன் மதில்மேல் அனுபவத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, "போகப் போகச் சரியாயிரும்," என்று சொன்னது. எல்லா மாஸ்டர்களும் பதில் தெரியாதபோது சொல்வதுதான் அது.

வேலாத்தா விடவில்லை. தினமும் தொண்டை வறளக் கத்தியது. "உக்காருங்க. படுங்க. இருங்க. வாங்க." நாய் குறட்டை விட்டது. வேலாத்தா ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் வேறு ஒன்றைக் கவனித்திருக்கும். அது உட்காருங்க என்றபோது முயல்கள் உட்கார்ந்தன. படுங்க என்றபோது பன்றிக் குடும்பம் வரிசையாகப் படுத்தது. காக்கை கிளையில் அசையாமல் இருந்தது. மாஸ்டர் மயிலும் தோகையை ஒதுக்கிக்கொண்டு பணிவாக உட்கார்ந்தது. புதருக்குள் ஏதோ கனமான உடம்பு பொத்தென்று படுக்கும் சத்தம் வந்தது. எல்லோருக்கும் பழக்கதோஷத்தில் கருவாட்டைப் போட்டுக்கொண்டே, வேலாத்தா நாயை மட்டும் பார்த்து அழுதது. பழகாத ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் பழகினவர்கள் கண்ணில் படுவதில்லை.

பரிசோதனை நாள் வந்தது. வேலாத்தா விடியும்போதே போய் வரிசையில் நின்றது. முன்னால் யானைகள் பாதை கடக்கும் அனுமதிக்கு நின்றன. ஓர் ஆமை, விண்ணப்பம் கொடுத்த வயதில் அனுமதி கிடைத்திருந்தால் தனக்குப் பயன்பட்டிருக்கும் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கரடி அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போய், தேன் வழியும் வாயோடு திரும்பி வந்து, "அடுத்தது யாரு?" என்றார்.

"நாங்கதானுங்க. கயிறில்லா நாய்."

"கொம்புல என்ன பை?"

"கருவாடுங்க."

"மைதானத்துக்குள்ள தீனி கூடாது. பையை என் மேஜைகிட்ட வெச்சுட்டு அந்தக் கோடிக்குப் போங்க. நாய் இங்கே நிக்கட்டும்."

சட்டம் சட்டம்தான். வேலாத்தா பையை மேஜைக்குப் பக்கத்தில் நின்ற மயிலின் காலடியில் வைத்துவிட்டு, மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தது. செவலை அதன் பின்னாலேயே வந்தது. பாதி வழியில் புதரில் நல்ல கொழுந்து கண்ணில் பட, குட்டி அங்கேயே நின்றுவிட்டது. வேலாத்தாவுக்கு அது தெரியாது.

"கயித்தை அவிழ்," என்றார் கரடி. அவிழ்த்தார்கள். நாய் ஒரு உதறு உதறியது.

வேலாத்தா வயிற்றுக்குள்ளிருந்து குரலை எடுத்தது. "உக்காருங்க."

மைதானமே உட்கார்ந்தது. வழக்கம்போல வேடிக்கை பார்க்க வந்திருந்த முயல்கள், பன்றிகள், உடும்பு, காக்கை, எல்லோரும் உட்கார்ந்தார்கள். மயிலும் உட்கார்ந்தது. நாய் மட்டும் உட்காரவில்லை. டூட்டி முடிந்துவிட்டதால், மயிலின் காலடியில் கிடந்த பைக்குள் நிம்மதியாகத் தலையை விட்டுத் தின்னத் தொடங்கியது. மயிலால் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் புதர் விலகியது. அதுவரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சிறுத்தை, சத்தத்தில் விழித்து வெளியே வந்தது. பக்கத்தில் இருக்கிறவன் யார் என்று வேலாத்தாவுக்கு இப்போது தெரிந்தது. அதன் மூக்குக்கு நேரே செவலை கொழுந்தை மென்றுகொண்டிருந்தது. சிறுத்தை பின்னங்காலை மடக்கிப் பாயத் தயாரானது.

வேலாத்தா நாயைக் கூப்பிடத்தான் நினைத்தது. ஆனால் இத்தனை நாள் கத்திக் கத்தி நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் வெளியே வந்தது. "உக்காருங்க!"

சிறுத்தை உட்கார்ந்தது.

பாய எடுத்த கால் அப்படியே மடங்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு, வாயைத் திறந்து உட்கார்ந்தது. "உக்காந்துட்டேனுங்கக்கா," என்றது.

வேலாத்தா சிறுத்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "படுங்க," என்றது மெதுவாக. சிறுத்தை படுத்தது. "இருங்க." இருந்தது. அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிச் செவலையின் காதில் சொட்டியது. மழை வருகிறது என்று நினைத்து குட்டி காதை ஆட்டிவிட்டு அடுத்த கொழுந்தைக் கடித்தது.

குட்டியைக் குரல் கொடுத்துக் கூப்பிட வேலாத்தாவுக்குத் துணிவு இல்லை. வா என்று சொன்னால் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தானே கிளம்பியது. "இருங்க... இருங்க..." என்று சொல்லிக்கொண்டே போய், குட்டியைத் தன் பின்பக்கத்தால் தள்ளிக்கொண்டு, சிறுத்தைக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து மேஜைக்கு வந்து சேர்ந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. வந்திருப்பார்கள், ஆனால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கருவாடு கொடுக்காமல் எழுந்திருக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

இப்போது குட்டியோடு ஓடிவிடலாம். வேலாத்தா ஓடவில்லை. அதன் மூளை அந்த நேரத்தில் நன்றாக வேலை செய்தது. இன்றைக்குக் கொடுக்காமல் ஓடினால் நாளைக்கு இது உட்காராது. அது பையைத் திறந்து பார்த்தது. நாய் எல்லாவற்றையும் முடித்திருந்தது. அதன் கால் இடுக்கில் ஒரே ஒரு கருவாட்டுத் தலை கிடந்தது. வேலாத்தா அதைப் பல்லால் பிடுங்கிக் காலடியில் போட்டுக்கொண்டது.

"மூணு ஆச்சு," என்றார் கரடி அதிகாரி, தலை நிமிராமல் எழுதிக்கொண்டே. "கூப்பிடறது பாக்கி இருக்கும்மா. கூப்பிடுங்க."

வேலாத்தா சிறுத்தையைப் பார்த்தது. கருவாட்டுத் தலையைப் பார்த்தது. செவலையைத் தனக்குப் பின்னால் தள்ளியது. "வாங்க," என்றது.

சிறுத்தை வந்த வேகத்தில் புழுதி பறந்தது. கரடி அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்துவிட்டு மேஜைமேல் ஏறி நின்றார். சிறுத்தை வேலாத்தாவின் முன்னால் வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, வாயைத் திறந்தது. அதன் பல்லில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அதற்குள் கரும்பி போன வழி தெரிந்தது. வேலாத்தா கண்ணை மூடிக்கொண்டு கருவாட்டை உள்ளே போட்டது.

"ரொம்ப நன்றிங்கக்கா," என்றது சிறுத்தை.

மேஜைமேல் நின்றபடியே கரடி முத்திரை குத்தினார். "நாலும் செஞ்சாச்சு. கயிறு இல்லை. தூரம் சரி. பாஸ்."

"ஐயா, இது நாய் இல்லீங்க," என்றது வேலாத்தா.

"விண்ணப்பத்துல என்ன எழுதியிருக்கு? நாய், பெயர் வீரமுத்து. அப்ப இதுதான் வீரமுத்து. மாத்தணும்னா மறுபடி வரிசையில நிக்கணும்."

வரிசையில் இன்னும் ஆமை நின்றுகொண்டிருந்தது. வேலாத்தா முத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியது.

அன்றிலிருந்து சிறுத்தைதான் காவல். ஓநாய் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை, மலைப்பாம்பு வேறு ஓடைக்கு மாறியது. செவலை பயமில்லாமல் வளர்ந்தது. அனுமதி இல்லாத நாயை மறுபடி வேலமரத்தில் கட்டிவிட்டார்கள். அதற்கு இதில் வருத்தம் இல்லை. எப்போதும் டூட்டியில் இருப்பதால் மரியாதை கூடியதாகவே அது நினைத்துக்கொண்டது. புலிகள் சங்கம் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியது, எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. காக்கை மட்டும் கருவாடு சுமந்து சுமந்து சிறகு நைந்துபோனது.

ஒருநாள் வேலாத்தா கேட்டேவிட்டது. கருவாட்டைப் போடும்போது கேட்டது. "எங்க கரும்பியை எடுத்துட்டுப் போனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கக்கா," என்றது சிறுத்தை, மென்றுகொண்டே. "அப்பப் பழக்கம் இல்லீங்களே."

வேலாத்தாவுக்கு அந்தக் கொம்பாலேயே அதன் வயிற்றைக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. பின்னால் செவலை துள்ளி விளையாடும் சத்தம் கேட்டது. வேலாத்தா இன்னொரு துண்டை எடுத்துப் போட்டது.

மழைக்குப் பிறகு ஆற்றின் அக்கரையில் நல்ல புல் முளைத்திருந்தது. வேலாத்தா நீந்திப் போய் மேய்ந்துகொண்டிருந்தது. செவலை இக்கரையில் சிறுத்தையின் பக்கத்தில் தூங்கியது. சிறுத்தைக்குக் கருவாட்டு வேளை வந்தது. அது குரல் கொடுக்கவில்லை, உறுமவில்லை. எழுந்து உட்கார்ந்து, அக்கரையைப் பார்த்து வாயை மட்டும் திறந்தது.

வேலாத்தா மென்றுகொண்டிருந்த புல்லைத் துப்பியது. அதே வேகத்தில் ஆற்றில் குதித்து, வெள்ளத்தோடு மல்லுக்கட்டி, கொம்பில் கருவாட்டுப் பை ஆட, மூச்சிரைக்க ஓடிவந்து சிறுத்தையின் முன்னால் நின்றது.

வேலமரத்தடியில் கட்டிக் கிடந்த நாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே கிளையில் மயில் உட்கார்ந்திருந்தது.

"கயிறு இல்லை, அதட்டல் இல்லை, அவ்வளவு தூரத்துல இருந்து வாயைத் திறந்ததும் வருது," என்றது நாய். "ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கீங்க மாஸ்டர்."

மயில் அடக்கமாகத் தோகையைச் சரிசெய்துகொண்டது.

நீதி: நாயைப் பழக்கக் கயிறு வேண்டும், சிறுத்தையைப் பழக்கக் கருவாடு போதும். கருவாடு தீராத வரைக்கும், யார் யாரைப் பழக்கினார்கள் என்று கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.